ஐந்தரை மணி நேர வித்தியாசம்

2013 மே மாதம். மலர்க் கண்காட்சிக்கு வந்த வண்டிகள் ஏற்காடு ஏரியைச் சுற்றி நகராமல் நின்றன. நான் அந்தக் கூட்டத்துக்குத் தப்பி நாகலூர் பக்கம் ஒரு நண்பர் வீட்டில் இருந்தேன். காலை ஒன்பது மணி ஆகியும் சில்வர் ஓக் மரங்களில் ஏறியிருந்த மிளகுக் கொடிகளின் மேல் பனி கலையவில்லை. பக்கத்து வீட்டுப் பெண், அந்த வருடம்தான் பிளஸ் டூ முடித்தவள், ஈரம் படாமல் துண்டில் சுற்றிய ஒரு லேப்டாப்போடு வந்தாள்.

"சார், இதுக்கு மணி பாக்கத் தெரியல."

திறந்து காட்டினாள். திரையின் வலது மூலையில் அதிகாலை 3.30. "நான் சரி பண்ணி வெச்சேன் சார். ஒன்பதுன்னு வெச்சிட்டு, அணைச்சு, இன்னொண்ணுல போனா மத்தியானம் ரெண்டரைன்னு காட்டுது. அங்க சரி பண்ணிட்டு இங்க வந்தா மறுபடி ராத்திரி மூணரை."

அந்த 'இன்னொண்ணு' என்ற சொல்தான் இந்தக் கட்டுரை. அவள் கையில் இருந்தது எல்காட் மூலம் தமிழக அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. பொத்தானை அழுத்தியதும் கறுப்புத் திரையில் இரண்டு மூன்று வரிகள் வரும். ஒன்றைத் தேர்ந்தால் விண்டோஸ், இன்னொன்றைத் தேர்ந்தால் பாஸ் லினக்ஸ். பெட்டி ஒன்றுதான், உள்ளே இயங்குதளங்கள் இரண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று ஐந்தரை மணி நேரம் தள்ளி வாழ்ந்துகொண்டிருந்தன.

ஐந்தரை என்ற எண்ணைக் கேட்டதும் பாதி விஷயம் விளங்கிவிடும். கிரீன்விச் நேரத்துக்கும் இந்திய நேரத்துக்கும் உள்ள இடைவெளி அது. மடிக்கணினியின் தாய்ப்பலகையில் பொத்தான் அளவில் ஒரு பேட்டரி இருக்கும். கணினி அணைந்திருக்கும்போதும் ஒரு சின்னக் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருப்பதுதான் அதன் வேலை. அதில் உள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 தடவை அதிரும். அது என்ன விசித்திரமான எண் என்று தோன்றும்; பதினைந்து தடவை பாதியாக்கிப் பாருங்கள், ஒன்று வந்து நிற்கும். அந்த ஒன்றுதான் ஒரு நொடி. இந்தக் கடிகாரத்துக்கு ஊர் தெரியாது, நாடு தெரியாது. வெறும் எண்களை வைத்துக்கொண்டிருக்கும். அந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதை இயங்குதளம்தான் சொல்ல வேண்டும். இரண்டு இயங்குதளமும் இரண்டு பொருள் சொல்கின்றன.

விண்டோஸுக்கு டாஸ் காலத்துப் பழக்கம். மேசைமேல் இருக்கும் ஒரு கணினியை ஒரே ஆள்தான் பயன்படுத்துவார், சுவர்க்கடிகாரம் காட்டுவதையே இதுவும் காட்டினால் போதும் என்று அன்றைக்கு நினைத்தார்கள். எனவே அது பேட்டரிக் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தையே எழுதும். லினக்ஸ் வந்த யூனிக்ஸ் பரம்பரை வேறு. ஒரு பெரிய கணினியில் பல ஊர்க்காரர்கள் ஒரே சமயத்தில் நுழைந்து வேலை செய்த பரம்பரை அது. கடிகாரத்தில் பொது நேரத்தை வை, பார்ப்பவர் ஊருக்கு ஏற்பக் கூட்டிக் காட்டிக்கொள்ளலாம் என்பது அதன் வழி. ஆகவே விண்டோஸ் 9.00 என்று எழுதி வைத்ததை லினக்ஸ் கிரீன்விச்சில் ஒன்பது என்று எடுத்துக்கொண்டு ஐந்தரையைக் கூட்டி 2.30 என்கிறது. அவள் அங்கே உட்கார்ந்து ஒன்பது என்று திருத்தினால், அணையும்போது லினக்ஸ் ஐந்தரையைக் கழித்து 3.30 என்று எழுதி வைத்துவிட்டுப் போகிறது. அதை விண்டோஸ் அப்படியே படிக்கிறது. இணையம் இருந்தால் இரண்டுமே வலைவழி நேரத்தைக் கேட்டுத் தங்களைத் திருத்திக்கொள்ளும். நமக்கு இந்தச் சண்டை தெரியவே தெரியாது. அன்றைக்கு அந்த வீட்டில் இணையம் இல்லை.

(நாடே ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது. 1906 ஜனவரி 1-ல் இந்திய நேரம் என்று ஒன்று வரும்வரை பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். ரயில்வே மட்டும் கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால் இருந்த மதராஸ் நேரத்தை நம்பி ஓடியது. கல்கத்தா தன் நேரத்தை 1948 வரை விடவில்லை. பம்பாய் 1955 வரை.)

விண்டோஸ் பக்கம் ஒரு வரியைச் சேர்த்து, கடிகாரத்தில் இருப்பது பொது நேரம்தான் என்று சொல்லிவிட்டேன். தீர்ந்தது. ஆனால் அவள் விடவில்லை. "ரெண்டும் ஒண்ணுக்குள்ள எப்படி சார் இருக்கும்? இது ஓடறப்ப அது எங்க போகும்?"

ஏற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். காபித் தோட்டத்து மேஸ்திரியை அவர்களுக்குத் தெரியும். எந்த ஆளை எந்தப் பாத்தியில் இறக்குவது, யாருக்கு எந்தக் கூடை, யார் முடித்தபின் யார் என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவர். கணினியில் இயங்குதளம் அதுதான். பாட்டுப் போடும் செயலி, படம் வரையும் செயலி எல்லாம் கூலியாட்கள். நினைவகத்தில் இடம் வேண்டுமென்றாலும் வட்டில் எழுத வேண்டுமென்றாலும் மேஸ்திரியைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும். ஒரு தோட்டத்தில் ஒரே நேரத்தில் இரண்டு மேஸ்திரி நின்று ஆளுக்கொரு உத்தரவு போட்டால் என்ன ஆகும்? அதனால்தான் இரட்டை இயங்குதளக் கணினியில் எப்போதும் ஒருவர்தான் தோட்டத்தில் இருப்பார். இன்னொருவர் ஹார்ட் டிஸ்க்கில் தன் பங்குக்குள் வெறும் கோப்புகளாகப் படுத்துக் கிடப்பார். அவர் மின்சாரம் தின்பதில்லை, நினைவகம் கேட்பதில்லை.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "ரெண்டு ஓஎஸ் இருக்கு, அதான் ஸ்லோ" என்று கடைக்குக் கடை சொல்வார்கள். தவறு. அந்த மடிக்கணினியில் இருந்தது 2 ஜிபி நினைவகமும் 320 ஜிபி சுழலும் வட்டும். அதன் மேல் ஒரு வைரஸ் தடுப்பானும் ஓடினால் ஒரே ஒரு இயங்குதளம் இருந்தாலும் அது மெதுவாகத்தான் போகும். படுத்திருப்பவருக்கு வட்டில் கொஞ்சம் இடம் போகும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே சமயத்தில் எழுப்பி, ஒன்றுக்குள் இன்னொன்றை ஓடவிடும் மெய்நிகர் வழியும் உண்டு. அதற்கு நினைவகத்தைப் பங்கு போட வேண்டும். 2 ஜிபியைப் பங்கு போட்டால் இருவருக்குமே பட்டினி.

இனி அந்தக் கறுப்புத் திரைக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் அதுதான்.

பொத்தானை அழுத்தும்போது விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. தாய்ப்பலகைச் சில்லில் எழுதப்பட்ட பயாஸ் மட்டும் விழிக்கிறது. அது விசைப்பலகை, நினைவகம், வட்டு எல்லாம் இருக்கின்றனவா என்று ஒரு சுற்றுப் பார்க்கும். பிறகு வட்டின் முதல் துண்டை, வெறும் 512 பைட்டை, நினைவகத்தில் ஏற்றும். கடைசி இரண்டு பைட்டில் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கும். அந்த முத்திரை 0101010110101010. இருந்தால் 'இனி உன் பாடு' என்று கட்டுப்பாட்டை அந்தத் துண்டிடம் கொடுத்துவிடும். 320 ஜிபி வட்டில் யார் எழுந்திருக்க வேண்டும் என்ற கேள்வி முழுக்க இந்த 512 பைட்டில்தான் தொடங்குகிறது.

512-லும் எல்லாம் கட்டளைக்கு இல்லை. முத்திரைக்கு 2 பைட் போக, 64 பைட்டில் பார்ட்டிஷன் பட்டியல் இருக்கும்: நாலு பங்குகள், பங்குக்கு 16 பைட். எந்தப் பங்கு எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம், எந்த வகை என்பதெல்லாம் அதில். மிச்சம் 446 பைட்தான் கட்டளைகளுக்கு. எவ்வளவு சிறிது என்று பாருங்கள்: இன்று வழக்கத்தில் உள்ள யூடிஎஃப்-8 முறையில் 'ஏற்காடு' என்று எழுத 21 பைட் ஆகும். அடிவாரத்திலிருந்து ஏறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒவ்வொரு தடவை 'ஏற்காடு' என்று எழுதி, மேலே போய் ஏரிக்கரையில் இன்னொரு தடவை எழுதினால் 441 பைட். மிச்சம் ஐந்து. ஒரு தமிழ் எழுத்து எழுதலாம்.

இந்த இடத்தில் ஒரு பட்டியைக் காட்டி, விசை அழுத்தலைக் கேட்டு, வட்டைத் துழாவி, இயங்குதளத்தை எழுப்ப முடியுமா? முடியாது. ஆகவே லினக்ஸோடு வரும் கிரப் என்ற ஏற்றி ஒரு தந்திரம் செய்கிறது. எரிக் போலைன் 1995-ல் எழுதத் தொடங்கியது இந்த கிரப். முதல் துண்டில் இருப்பதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: அடுத்த துண்டு எங்கே என்று. முதல் துண்டுக்கும் முதல் பார்ட்டிஷனுக்கும் நடுவே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு சந்து உண்டு. பழைய வட்டுகளில் சுமார் 31 கேபி, பிறகு வந்தவற்றில் ஒரு எம்பி. கிரப்பின் இரண்டாம் பகுதி அந்தப் புறம்போக்கில் குடியிருக்கிறது. அதற்குத்தான் லினக்ஸ் பார்ட்டிஷனைப் படிக்கத் தெரியும். அங்கே இருக்கும் பட்டியலைத் திறந்து நமக்கு வரிகளைக் காட்டும். லினக்ஸைத் தேர்ந்தால் அதுவே எழுப்பும். விண்டோஸைத் தேர்ந்தால் விண்டோஸ் பார்ட்டிஷனின் முதல் துண்டை எடுத்து, பயாஸ் தனக்குச் செய்ததையே திரும்பச் செய்து, ஒதுங்கிக்கொள்ளும். விண்டோஸுக்கு நடுவில் ஒருவர் இருந்ததே தெரியாது.

புறம்போக்கு என்றால் ஆக்கிரமிப்பும் உண்டுதானே. விண்டோஸில் நிறுவப்படும் சில விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்கள், உரிமத்தைக் கள்ளத்தனமாக நகலெடுக்காதபடி அடையாளம் வைக்க, யாருக்கும் சொல்லாமல் அந்தச் சந்தில் எழுதி வைத்த கதை உண்டு. கிரப்பின் உடம்பில் ஓட்டை விழும். இதைச் சமாளிக்க, குறுந்தகட்டில் கீறல் விழுந்தாலும் பாட்டு நிற்காமல் இருக்கப் பயன்படும் ரீட்-சாலமன் பிழைதிருத்தக் கணக்கை கிரப்புக்குள்ளும் சேர்த்தார்கள்.

இதெல்லாம் ஒரு பிளஸ் டூ மாணவியின் கைக்கு எப்படி வந்தது?

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் முதல்வர் ஜெயலலிதா அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியோடு மடிக்கணினியும். அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போயின. மலைமேல் வெள்ளக்கடைக்கும் நாகலூருக்கும் அவை ஏறின. முதல்வர் படம் போட்ட பை பிறகு பல வீடுகளில் மளிகைப் பையாகவும் பள்ளிப் பையாகவும் மாறியதைப் பார்த்திருக்கிறேன். கணினியைவிட அதற்கு ஆயுள் கெட்டி.

பாஸ் என்பது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது. முதல் பதிப்பு 2007 ஜனவரியில் வந்தது. டெபியன் என்ற உலகளாவிய லினக்ஸ் தொகுப்பின் மேல் இந்திய மொழிகளுக்கான எழுத்துருக்களும் உள்ளீட்டு முறைகளும் ஏற்றிக் கட்டியது. உரிமக் கட்டணம் இல்லை. தமிழில் தட்டச்சு செய்ய வெளியிலிருந்து எதையும் இறக்க வேண்டியதில்லை. இணையமில்லாத ஒரு மலைவீட்டில் அது சின்ன விஷயமில்லை.

ஆனால் அதை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. நான் கேட்டவரையில் பத்தில் எட்டுப் பேர் அந்த வரியை ஒரு தடவை அழுத்திப் பார்த்து, 'ஏதோ வேற மாதிரி இருக்கு' என்று திரும்பி விண்டோஸுக்கே போனவர்கள். ஆசிரியர்கள் காட்டவில்லை, பக்கத்து வீட்டு அண்ணன்களுக்கும் தெரியாது. இதில் எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. அன்றைய தமிழ்நாட்டு மேல்நிலைக் கணிப்பொறியியல் பாடநூலில் இருந்தது ஸ்டார் ஆபீஸ். மாணவர்கள் மனப்பாடம் செய்தது ஸ்டார் ஆபீஸ் ரைட்டரின் மெனுக்களை. சன் நிறுவனம் 2000-ல் அந்த ஸ்டார் ஆபீஸின் மூல நிரலைப் பொதுவில் திறந்துவிட, அதிலிருந்து ஓபன் ஆபீஸ் பிறந்தது. 2010-ல் அதிலிருந்து லிபர் ஆபீஸ் பிரிந்தது. பாஸ் லினக்ஸில் இருந்தது இந்த வம்சம்தான். அதாவது, பாடநூலில் படத்தோடு அச்சடித்திருந்த அந்தத் திரை, அவர்கள் தேர்ந்தெடுக்காத இரண்டாவது வரிக்குப் பின்னால் ஏறத்தாழ அப்படியே இருந்தது. பாடம் நடத்தியது ஒரு துறை, பெட்டி கொடுத்தது இன்னொரு துறை. இரண்டையும் சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதி அந்தப் பையில் போட்டிருக்கலாம்.

அந்தப் பெண்ணுக்கு இரண்டாவது வரி பயன்பட்டது வேறு வழியில், இரண்டு மாதம் கழித்து. கல்லூரி விண்ணப்பத்துக்காகச் சான்றிதழ்களை ஸ்கேன் செய்து பென் டிரைவில் வாங்கி வந்திருக்கிறாள். பல கை மாறி வந்த பென் டிரைவ். வீட்டில் வந்து செருகினால் ஃபோல்டர்கள் எல்லாம் சின்ன அம்புக்குறி போட்ட ஷார்ட்கட்டாக நிற்கின்றன. அழுத்தினால் எதுவும் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் தமிழ்நாட்டில் பென் டிரைவ் வைத்திருந்த யாருக்கும் இது தெரியும். தொலைபேசியில் அழைத்தாள். "இன்னொண்ணுல போட்டுப் பாரு" என்றேன்.

எல்லாக் கோப்பும் இருந்தன.

காரணம் இதுதான். அந்த வைரஸ் கோப்புகளை அழிப்பதில்லை. பென் டிரைவின் கோப்புமுறையில் ஒவ்வொரு கோப்புக்கும் பக்கத்தில் 'மறைவு', 'சிஸ்டம்' என்று சில கொடிகள் உண்டு. வைரஸ் அந்தக் கொடிகளை உயர்த்திவிட்டு, அதே பெயரில் தன்னை எழுப்பும் ஷார்ட்கட்டை வைத்துவிடுகிறது. விண்டோஸ் கொடியைப் பார்த்து மரியாதையாக மறைத்துக்கொள்ளும். லினக்ஸுக்கு அந்தக் கொடி ஒரு பொருட்டே இல்லை. அங்கே மறைவுக் கோப்பு என்றால் பெயரின் முன்னால் ஒரு புள்ளி இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஷார்ட்கட்டும் ஈஎக்ஸ்ஈயும் அங்கே ஓடாது. எனவே அவள் பார்த்தது வைரஸையும், பக்கத்திலேயே அது ஒளித்துவைத்த கோப்புகளையும், ஒரே சன்னலில். ஷார்ட்கட்டுகளை அழித்தாள், சான்றிதழ்களை வேறு இடத்தில் நகலெடுத்தாள். "இதுக்கு ஒளிஞ்சு விளையாடத் தெரியல சார்" என்றாள் சிரித்துக்கொண்டே. அதற்குப் பிறகு வெளியிலிருந்து வரும் எந்த பென் டிரைவையும் முதலில் பாஸில்தான் செருகுவாள். சேலம் பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழியாக இறங்குகிற மாதிரி.

2015-ல் அந்தப் பாதையும் அடைபட்டது. லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று சேலத்தில் ஒரு கடையில் கொடுத்திருக்கிறார்கள். "ஓஎஸ் போட்டா சரியாயிடும்" என்று சொல்லி சி டிரைவை பார்மட் அடித்து புதிதாக விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கடைக்காரர் மேல் கோபப்பட ஒன்றுமில்லை. எல்லாரும் செய்வதைத்தான் செய்தார். திரும்பி வந்த கணினியில் கறுப்புத் திரை இல்லை, வரிகள் இல்லை. நேராக விண்டோஸ்.

இரட்டை இயங்குதளம் வைத்திருப்பவர்கள் எல்லாரும் ஒருமுறையாவது இதில் விழுந்திருப்பார்கள். விண்டோஸ் நிறுவி அந்த முதல் துண்டின் 446 பைட்டில் தன் கட்டளையை எழுதும். அங்கே முன்பு யார் இருந்தார் என்று கேட்காது. லினக்ஸ் நிறுவி அப்படியில்லை, வட்டு முழுக்கத் தேடி வேறு யார் இருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்கும் பட்டியலில் ஒரு வரி கொடுக்கும். அதனால்தான் முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ் என்ற வழக்கம். வரிசை மாறினால் லினக்ஸ் காணாமல் போகும். காணாமல்தான் போகும், அழிந்திருக்காது. அதன் பங்கு அப்படியே கிடக்கும். ஆனால் லினக்ஸ் தன் பங்கில் பயன்படுத்தும் எக்ஸ்ட்4 என்ற கோப்புமுறையை விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாது. விண்டோஸின் என்டிஎஃப்எஸ்ஸை லினக்ஸ் 2007 வாக்கிலேயே நன்றாகப் படிக்க எழுதக் கற்றுக்கொண்டுவிட்டது. எதிர்ப்பக்கம் அந்த ஆர்வம் இல்லை. ஆக, விண்டோஸின் வட்டுப் பட்டியலில் அது எழுத்துப் பெயர் இல்லாத ஒரு பட்டையாக மட்டும் தெரியும். உள்ளே பூட்டிய அறை. வாசலில் இருந்த பலகையை மட்டும் யாரோ கழற்றிவிட்டார்கள்.

இந்தக் கதையில் உள்ள 512 பைட் இப்போது பழைய காலம். விண்டோஸ் 8 வந்த 2012-லிருந்து புதுக் கணினிகள் யூஇஎஃப்ஐ என்ற முறைக்கு மாறின. பங்குகளுக்கு நாலு என்ற வரம்பு போய் 128 ஆனது. முதல் துண்டுக்கு அடிதடி இல்லை: துவக்கத்துக்கென்று ஒரு சின்னப் பார்ட்டிஷன், அதில் ஆளுக்கொரு ஃபோல்டர். ஒருவர் எழுதியதை இன்னொருவர் அழிக்க வேண்டிய அவசியம் இல்லை. பெரிய நாகரிகம்தான். ஆனால் கூடவே செக்யூர் பூட் வந்தது: கையொப்பம் சரியாக இல்லாத எதையும் தொடக்கத்தில் ஓடவிடாது. தொடங்கும்போதே புகும் வைரஸுகளைத் தடுக்க வந்த காவல் அது. நடைமுறையில் கையொப்பமிடும் சாவி மைக்ரோசாஃப்ட்டிடம் இருக்கிறது. லினக்ஸ் தொகுப்புகள் ஷிம் என்ற ஒரு சிறு நிரலில் அவர்களிடம் கையொப்பம் வாங்கி, அதன் வழியாக உள்ளே வருகின்றன.

வீட்டுக்காரர் ஒருவர் சாவியை இன்னொருவரிடம் வைத்திருந்தால் என்ன நடக்கும் என்பது 2024 ஆகஸ்டில் தெரிந்தது. பழைய, ஓட்டையுள்ள துவக்க நிரல்களைத் தடுக்க மைக்ரோசாஃப்ட் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பை அனுப்பியது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளில் இதைத் தவிர்த்துவிடும் என்றுதான் சொன்னார்கள். ஆனால் பல கணினிகளில் அது அப்படிப்பட்டவை என்று கண்டுபிடிக்கவே இல்லை. உலகம் முழுக்கப் பலர் மறுநாள் லினக்ஸைத் தேர்ந்தபோது, பெருந்தவறு ஏதோ நடந்துவிட்டது என்று ஒரு வரியைக் காட்டிவிட்டுக் கணினி அணைந்தது. முழுத் தீர்வு வர அடுத்த ஆண்டு மே ஆயிற்று. விண்டோஸ் 8-லிருந்து இன்னொரு தொல்லையும் உண்டு: அணைப்பது போல் காட்டிவிட்டு அரைத்தூக்கத்துக்குப் போகும் 'வேகத் துவக்கம்'. அந்த நிலையில் லினக்ஸுக்குள் போனால் விண்டோஸ் பங்கில் எழுத முடியாது. மேஸ்திரி கணக்கு நோட்டைத் திறந்த மேனிக்கு வைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறார், அதில் வேறு ஒருவர் கை வைக்கக் கூடாது என்று லினக்ஸ் விலகி நிற்கும்.

கொரோனாவுக்குப் பிறகு நின்றிருந்த மடிக்கணினி வழங்கல் மீண்டும் வந்திருக்கிறது. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் தருவதாக அறிவித்தார்கள்.

அந்தப் பழைய பெட்டியை நான் மறுபடி பார்த்தது ஃபெங்கல் புயல் மழை ஏற்காட்டுப் பாதையில் மண்ணைச் சரித்த 2024 டிசம்பருக்குப் பிறகு, அடுத்த பொங்கலை ஒட்டி. அவள் இப்போது சேலத்தில் வேலை பார்க்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். பரணில் இருந்து அதை இறக்கினாள், அதே துண்டு. பேட்டரி செத்துவிட்டது, சார்ஜரில் மட்டும் ஓடும். "பாஸ்ல பிளஸ் டூ சமயத்துல எழுதினதெல்லாம் இருந்துச்சு சார். டைரி மாதிரி. தமிழ்ல. கடைக்காரர் அழிச்சிட்டாரு."

அழித்திருக்க மாட்டார் என்றேன். என் பையில் ஒரு பென் டிரைவ் எப்போதும் இருக்கும், அதில் கிரப் மட்டும். வட்டில் எதையும் எழுதாது. துழாவிப் பார்த்து எழுப்பக்கூடியவற்றைப் பட்டியலிடும். செருகி, எஃப்12 அழுத்தி, அதிலிருந்து தொடங்கினோம். கறுப்புத் திரை. வரிகள். மூன்றாவது வரியில் லினக்ஸ்.

அழுத்தியதும் வெள்ளை எழுத்துகள் ஓடின, ஓடி நின்றன. ஆங்கிலத்தில் ஒரு புகார். பொத்தான் பேட்டரியும் செத்துப்போனதால் கடிகாரம் பயாஸ் தயாரான காலத்துக்குத் திரும்பியிருந்தது: 2012 ஜனவரி 1, நள்ளிரவு. எக்ஸ்ட்4 தன் முதல் பக்கத்தில் கடைசியாக எப்போது திறக்கப்பட்டது என்று குறித்து வைத்திருக்கும். அதில் இருந்தது 2015. லினக்ஸ் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுக் குழம்பி நின்றது.

"என்ன சார் சொல்லுது?"

"கடைசியா நீ இதைத் திறந்தது எதிர்காலத்துலன்னு சொல்லுது. சரி பண்ணட்டுமான்னு கேக்குது."

அவள் குனிந்து ஒய் விசையை அழுத்தினாள். திரை ஒரு தடவை கறுத்து, பிறகு நீலமாகி, பெயரும் கடவுச்சொல்லும் கேட்டது. மூலையில் மணி 5.34.